பூட்டு அண்ணாச்சி கதவைத் திறந்த கதை

"கதவத் தொறக்கதுக்குமா ஒரு படிப்பு? எங்க ஊர்ல ஆடே முட்டித் தொறந்துட்டுப் போவும்லா."

தீப் பாதுகாப்புப் படிப்பை முடித்து, ராயபுரத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு முதன்முதலாகத் தனியாக ஒரு கட்டடத்தைப் பார்க்கப் போன அன்று, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னவர் பூட்டு அண்ணாச்சி. திருவொற்றியூரில் மூன்று தளக் கடை அவருடையது. கீழே துணி, நடுவில் பாத்திரம், மேலே மெத்தையும் கட்டிலும். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கேட்டால் பக்கத்துக் கடைக்காரருக்கே வழி தெரியாது.

பூமியில் பிறந்தவர்களில் பூட்டை அவரைப்போல நேசித்தவர் இன்னொருவர் இல்லை என்று தைரியமாக எழுதுவேன். திண்டுக்கல்லில் பூட்டுச் செய்கிறவர்கள்கூட வேலை முடிந்தால் வேறு எதையாவது யோசிப்பார்கள். அண்ணாச்சி யோசிக்க மாட்டார். கடையில் தண்ணீர்க் கேன் மேலிருந்த டம்ளருக்குச் சங்கிலி, சங்கிலிக்குப் பூட்டு. ஏசி ரிமோட்டுக்குப் பெட்டி, பெட்டிக்குப் பூட்டு. தன் குடையை மாடிப்படிக் கம்பியோடு சேர்த்துப் பூட்டி வைத்திருந்தார். ஒரு மழைநாளில் அந்தச் சாவியை வீட்டில் விட்டுவிட்டு வந்து, குடையை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு நனைந்துகொண்டே போனார். சாப்பாட்டுக் கேரியருக்கும் ஒரு குட்டிப் பூட்டு உண்டு. ஒருமுறை வீட்டில் ஏதோ வாக்குவாதம். மறுநாள் அவருடைய மனைவி வேறு பூட்டைப் போட்டுக் கேரியரை அனுப்பிவிட்டார். அன்று அண்ணாச்சிக்கு மதியச் சாப்பாடு வாழைப்பழம்.

இடுப்பில் எப்போதும் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். அவர் படியேறினால் சலங்கை கட்டிய மாடு வருவதுபோலச் சத்தம் வரும். மேல்தளத்தில் மெத்தை மேல் கொஞ்சம் சாய்ந்திருக்கும் பெண்கள் எழுந்து நின்று முகம் துடைத்துக்கொள்ள அந்தச் சத்தம் மிகவும் உதவியாக இருந்தது.

அவருடைய கடையில் ஒரு ஸ்பூன்கூடக் களவு போனதில்லை. "பொறவு எதுக்குப் பூட்டு?" என்று யாராவது கேட்டால், "பூட்டுனதாலதாம்லா போகல" என்பார்.

இந்த விவரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அம்மா அந்தக் கடையின் பாத்திரப் பிரிவில் வேலை செய்கிறார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அப்பாவுக்கு அதுவும் தெரியாது, காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறவர். எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கல்லூரி வரை போன முதல் ஆள் நான். என் வேலை என்ன என்று அம்மாவுக்கு விளக்க முயன்றதில் ஒரு தவறு நடந்துவிட்டது. கட்டடங்களில் ஆபத்து வந்தால் ஆட்கள் வெளியே போகிற வழியையும் கதவையும் பார்க்கிற வேலை என்றேன். "எம் பொண்ணு கதவு இன்ஜினியரு" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அதன்பிறகு எங்கள் தெருவில் எந்தக் குளியலறைக் கதவு சிக்கிக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு பாட்டி பீரோவையே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார்.

அண்ணாச்சி கடையின் தீயணைப்புச் சான்றிதழ் புதுப்பிக்காமல் நின்றுபோயிருந்தது. காரணம், வாசல். தெருவைப் பார்த்த இரண்டு கண்ணாடிக் கதவுகள், இரண்டும் உள்பக்கமாகத் திறப்பவை. சாயங்காலம் வியாபாரம் முடிகிற நேரத்தில் அண்ணாச்சி ஒரு காரியம் செய்வார். கடைசி நேரத்தில் புது ஆட்கள் நுழையக் கூடாது என்று, இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே உள்பக்கம் சங்கிலி போட்டு, தேங்காய் அளவுப் பூட்டால் பூட்டிவிடுவார். உள்ளே இருப்பவர்கள் நிதானமாகப் பில் போட்டு, சேலை மடித்து, பெருக்கி முடித்தபிறகு ஒவ்வொருவராகத் திறந்து விடுவார். அதுவரை வாடிக்கையாளர், குழந்தை, வேலைக்காரப் பெண்கள், என் அம்மா எல்லாரும் பூட்டுக்குள்ளே. பின்பக்க ஷட்டருக்கும் பூட்டு உண்டு. இரண்டின் சாவியும் அந்த ஒரே கொத்தில்.

எங்கள் அலுவலகத்தில் அவரிடம் போய்த் திரும்பிய ஆண்கள் யாரும் இரண்டாம் முறை போகத் தயாராக இல்லை. அதனால்தான் அந்த வேலை புதிதாகச் சேர்ந்த எனக்கு வந்தது. வீட்டில் சொன்னதும் அம்மா தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாடி, எங்க கட அண்ணாச்சிகிட்டயா? எம் பொயப்புல மண்ண அள்ளிப் போட்றாத."

"நீ உள்ள பூட்டிக் கெடக்கறியேம்மா."

"அதுக்கின்னா இப்போ? அவுரு கீய பூட்டுவாரு, நாங்க மேல அடுக்குவோம். தொறந்தா வூட்டுக்கு வரப்போறோம்."

அம்மாவுக்கு அது பழகிப்போன விஷயம். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. கட்டட விதிகளைப் பரீட்சைக்காகப் படித்தபோது அவை எழுத்துகளாக இருந்தன. இப்போது அந்தச் சங்கிலிக்குப் பின்னால் அம்மா நிற்கிறார்.

ஆடு கதவைத் திறக்கும் கதையைக் கேட்டு முடித்தபிறகு, என் தெருத் தமிழை மடித்து வைத்துவிட்டு, அலுவலகத் தமிழில் அவருக்கு விதியைச் சொன்னேன். உள்ளே ஓர் ஆள் இருக்கிறவரை, அந்த ஆள் சாவி இல்லாமல், யாரையும் கேட்காமல், ஒரே அசைவில் கதவைத் திறந்து வெளியே போக முடிய வேண்டும். கூட்டம் கூடுகிற இடமென்றால் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். அண்ணாச்சி கவனமாகக் கேட்டார். சாவி கூடாது, அவ்வளவுதானே என்றார். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அடுத்த வாரம் போனால், சங்கிலி அங்கேயே இருக்கிறது. தேங்காய்ப் பூட்டுக்குப் பதிலாக எண்களைத் திருப்பித் திறக்கிற பூட்டு. "இதுக்குச் சாவியே கெடையாது" என்றார், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைக் காட்டுகிற முகத்தோடு.

உள்ளே இருப்பவர்களுக்கு எண் தெரியாதே என்றேன். வேலைக்காரர்களுக்குச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். வாடிக்கையாளர்களுக்கு? கொஞ்சம் யோசித்தார். பூட்டுக்குப் பக்கத்திலேயே எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடலாம் என்றார். சொல்லிவிட்டு அவரே பூட்டைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "அப்பம் ரோட்டுல போறவனும் படிப்பானே" என்று முனகிக்கொண்டே அதைக் கழற்றி, பழைய தேங்காய்ப் பூட்டையே மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு ஒரு கண்ணாடி உடைக்கும் சுத்தியல் வாங்கி வாசலருகே மாட்டியிருப்பதாகப் போன் வந்தது. சந்தோஷமாகப் போனேன். சுத்தியல் இருந்தது. கம்பிவலைப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியில் பூட்டு இருந்தது. "சுத்தியல எவனாது எடுத்துட்டுப் போயிட்டா அவசரத்துக்கு என்ன செய்ய?" என்று என்னையே கேட்டார்.

கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி வைக்கலாம் என்று படம் வரைந்து காட்டினேன். வியாபாரம் முடிகிற நேரத்தில் வெளிக்கைப்பிடியை அடைத்துவிட்டால் வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. கடைசி நேரத்தில் புது ஆள் நுழையக் கூடாது என்கிற அவருடைய கவலையும் தீரும். உள்ளிருந்து கையால், இடுப்பால், கைக்குழந்தையோடு முதுகால் தள்ளினாலும் திறந்துவிடும். அண்ணாச்சி படத்தை வாங்கித் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"உள்ள திருடன் ஒளிஞ்சிருந்தாம்னா?"

"தள்ளிக்கிட்டு வெளிய போயிடுவான் அண்ணாச்சி. நல்லதுதானே?"

"சாமானோட போவாம்லா."

இப்படியே மழைக்காலம் நெருங்கியது. நான் போகிற ஒவ்வொரு முறையும் அண்ணாச்சி எனக்குப் பன்னீர் சோடா வாங்கித் தருவார், மரியாதையில் ஒரு குறையும் வைக்க மாட்டார், கதவில் ஓர் ஆணியைக்கூட மாற்ற மாட்டார். தீபாவளிக் கூட்டத்துக்கு முன் கதவு மாறாவிட்டால் என்ன ஆகும் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் வேறு கடை பார்க்கச் சொன்னேன். அம்மா கேட்கவில்லை.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

அண்ணாச்சி கடையில் ஆயுத பூஜை என்றால் திருவிழா. வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வர வேண்டும். அந்தச் சாயங்காலம் வியாபாரம் கிடையாது. அம்மாவோடு நானும் போயிருந்தேன். கீழ்த்தளத்தின் பின்பக்கச் சுவரில் சாமி படங்கள், கலர் காகிதத் தோரணம், படையல். படங்களுக்கு முன்னால் சந்தனம் குங்குமத்தோடு கடையின் கருவிகள் அத்தனையும். துணி வெட்டும் கத்தரிகள், அளவுகோல், தராசு, சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், அட்டைப்பெட்டி கிழிக்கிற கத்தி. கம்பிவலைப் பெட்டியிலிருந்து விடுதலையாகி வந்த அந்தக் கண்ணாடிச் சுத்தியலும் குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. நடுவில், தாம்பாளத்தில், வெற்றிலை மேல் அண்ணாச்சியின் சாவிக்கொத்து. வருஷத்தில் அன்று ஒருநாள்தான் அது அவர் இடுப்பை விட்டு இறங்கும்.

கற்பூரம் காட்டினார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பொரி, கடலை, சுண்டல் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு ஜனங்கள் வாசலுக்கு நகர்ந்தார்கள். அங்கே போனதும் நின்றார்கள். கைப்பிடிகளுக்கு நடுவே சங்கிலி. சங்கிலியில் தேங்காய்ப் பூட்டு, அதன் நெற்றி நிறையச் சந்தனம். எல்லாரும் உள்ளே வந்ததும் பழக்க தோஷத்தில் பூட்டிவிட்டு, சாவியைக் கொண்டுபோய்ப் பூஜையில் வைத்திருக்கிறார்.

அண்ணாச்சியின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை செய்தபிறகுதான் எடுக்க வேண்டும். அவர் குடும்பத்தில் அதை மீறியவர் கிடையாது. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "எல்லாரும் உக்காருங்க. காலையில போலாம்."

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மேலே மெத்தை இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, பொரிக்குப் பஞ்சமில்லை, ஓர் இரவுதானே என்றார். பூட்டை உடைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். சுத்தியல் பூஜையில். சங்கிலியைப் பிளேயரால் வெட்டலாம் என்றார் இன்னொருவர். பிளேயரும் பூஜையில். கதவைத் திறக்கவோ உடைக்கவோ உதவக்கூடிய ஒரு பொருளைக்கூட அண்ணாச்சியின் பக்தி விட்டு வைத்திருக்கவில்லை.

"அண்ணாச்சி, எங்கூட்டுக்காரு சோத்துக்குக் காத்துகினு கீறாரு" என்றார் அம்மா.

"பூசையில வச்சத எடுக்கப்பிடாதுமா" என்றார் அவர், அம்மாவைப் பார்க்காமல் சாமி படத்தைப் பார்த்து.

இதுவரைக்கும் வேடிக்கைதான். அதன்பிறகு சாம்பிராணித் தட்டிலிருந்து ஒரு கங்கு தெறித்துக் காகிதத் தோரணத்தில் பட்டது. தோரணம் எரிந்துகொண்டே கீழே இருந்த அட்டைப்பெட்டிகளின் மேல் விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தண்ணீர்க் கேனை அப்படியே கவிழ்த்தார்கள். தீ அணைந்தது, ஆனால் நனைந்த அட்டையிலிருந்து கரும்புகை கிளம்பியது. ஏசி போட்ட தளம், திறக்க ஒரு ஜன்னல் இல்லை. கண் எரிந்தது. ஒரு கைக்குழந்தை இருமத் தொடங்கி நிறுத்த முடியாமல் இருமியது. எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலை நோக்கி ஓடிக் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டார்கள். அம்மா எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தின் முன்னால், கதவோடு நசுங்கிக்கொண்டு நின்றார்.

அண்ணாச்சி தாம்பாளத்தின் முன் நின்றார். குழந்தை மறுபடி இருமியது. அவர் கண்ணை மூடி ஏதோ சொன்னார், மன்னிப்பாக இருக்கலாம். சாவிக்கொத்தை அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். ஆனால் பூட்டை நெருங்க முடியவில்லை. நெருங்கினாலும் பிரயோஜனம் இல்லை. உள்பக்கமாகத் திறக்கிற கதவு அது, அதன்மேல் அத்தனை பேரும் சாய்ந்து நிற்கிறார்கள்.

"தயவுசெய்து அனைவரும் பின்னால் நகருங்கள்" என்றேன். ஒருவரும் திரும்பவில்லை. அப்போது என்னையறியாமல் என் சொந்தக் குரல் வந்தது, தண்ணீர் லாரி வரும்போது எங்கள் தெருவில் கேட்கிற குரல்.

"இன்னாத்துக்கு கதவு மேல ஏறிகினு கீறீங்கோ? அல்லாரும் பின்னால போ! கொயந்தைங்கள தூக்கு! அந்தாண்ட போ!"

கூட்டம் பின்னால் போனது. மொத்தமாக, ஒரே அலையாகப் போனது. அண்ணாச்சியும் சேர்ந்து போனார். அவரை மட்டும் சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்தேன்.

சாவி நுழையவில்லை. அண்ணாச்சி ஆசை ஆசையாக அப்பிய சந்தனம் சாவித்துளைக்குள் போய்க் காய்ந்திருந்தது. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். தன் சேலைத் தலைப்பிலிருந்து ஊக்கைக் கழற்றித் துளைக்குள் விட்டுச் சுரண்டினார்.

"இத்த நான் பூசையில வெக்கல அண்ணாச்சி" என்றார்.

பூட்டு திறந்தது. சங்கிலி விழுந்தது. எல்லாரும் தெருவுக்கு வந்தோம், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. குழந்தைகள் ஐந்து நிமிடத்தில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பொரி தின்ன ஆரம்பித்துவிட்டன. அண்ணாச்சி ஒவ்வொருவராக வெளியே வருவதைக் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்துவிட்டுக் கடைசியாக வந்தார். கடைப்படியில் உட்கார்ந்தார். சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பச்சப்புள்ள இருமுனது காதுலயே கேக்கு" என்றார். என் பக்கம் திரும்பி, "அந்தத் தள்ளுத கம்பிய நாளைக்கே போட முடியுமா?"

நாளைக்கே முடியாது, தீபாவளிக்கு முன்னால் முடியும் என்றேன். தலையாட்டினார். பிறகு, பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கேட்கிற பையனைப்போலக் கேட்டார்: "எல்லாரும் வீட்டுக்குப் போன பொறவு, வெளிய, சின்னதா ஒரு பூட்டு?"

"எல்லாரும் போனபிறகு எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள் அண்ணாச்சி."

அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

கதவை மாற்றினோம். இப்போது அது தெருப்பக்கமாகத் திறக்கிறது, குறுக்கே கம்பி. முதல் நாள் சாயங்காலம் வெளிக்கைப்பிடியை அடைத்துவிட்டு, அண்ணாச்சி அந்தக் கம்பியைத் தள்ளித் தள்ளி வெளியே போய், திரும்ப உள்ளே வர முடியாமல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார். யாராவது திறந்து விட்டதும் மறுபடி தள்ளிக்கொண்டு வெளியே போவார். சேலை எடுக்க வந்த பெண்களைக் கூப்பிட்டு, "இடுப்பால தள்ளிப் பாருங்கம்மா" என்று சொல்லி, அவர்கள் முறைத்ததும் காரணத்தை அரைமணி நேரம் விளக்கினார். வெள்ளிக்கிழமைகளில் கம்பிக்குப் பூ உண்டு. சந்தனம் மட்டும் கிடையாது. இரவு எல்லாரும் போய், உள்ளே ஒரு தளம் விடாமல் பார்த்துவிட்டு வந்தபிறகு, ஷட்டரை இறக்கி வெளியே இஷ்டத்துக்குப் பூட்டுகிறார். அது அவருடைய சந்தோஷம், விதியில் அதற்குத் தடை இல்லை.

சான்றிதழ் வந்த அன்று, கடை முழுக்க லட்டு கொடுத்தார். அம்மா அதைப் பாத்திரப் பிரிவில் நின்று தின்றுகொண்டே, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இந்தக் கதவு தன் பெண் போட்டது என்று சொன்னார். நான் மறுக்கவில்லை. நான் போட்டதுதான்.

சும்மா இருக்கிற மனிதரா அண்ணாச்சி? திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்பக்கம் சங்கிலி போடுகிற ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கத் தொடங்கினார். "உள்ள ஆளு இருக்கையில பூட்டப்பிடாதுவே. எங்க இன்ஜினியர் பாப்பா சொல்லிருக்கு" என்பது பேச்சின் ஆரம்பம். பேச்சின் முடிவை யாரும் கண்டதில்லை. அவர் வருவதைப் பார்த்தாலே சங்கிலியைக் கழற்றி மேஜைக்கடியில் போடுகிறவர்கள் உண்டு. சிலர் அதைத் திரும்ப எடுக்காமல் விட்டதும் உண்டு.

போன மாதம் அவரிடமிருந்து போன். எண்ணூர்ப் பக்கம் இறால் உரிக்கிற ஷெட் ஒன்று இருக்கிறதாம். யாரும் இறாலை மறைத்து எடுத்துப் போகக் கூடாது என்று பெண்களை உள்ளே வைத்து வெளியே பூட்டுகிறார்களாம். முதலாளி தனக்குத் தெரிந்த ஆள்தான் என்றார். "பூட்டுப் போடுதவன் மனசு எனக்குத் தெரியும் பாப்பா. நீ வா, நாம போயிப் பேசுவோம்."

அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். முதல் தடவை முதலாளி எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை மறுபடியும் போனோம். அண்ணாச்சி பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்த மனிதர் தாங்க முடியாமல், என்ன வேண்டுமோ அளந்துகொள்ளுங்கள், ஆளை விடுங்கள் என்று எழுந்து போய்விட்டார்.

அளந்துவிட்டேன். உயரம், அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எல்லாம் எடுத்தாகிவிட்டது. கடற்காற்றில் டேப் படபடத்தது. அதன் மறுமுனையை இரண்டு கையாலும் கதவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார் பூட்டு அண்ணாச்சி.